வலியா, கூச்சமா

ஜூலை 1, திங்கள்

பாக்ஸை வெளியே எடுத்துவிட்டார்கள்.

போன செப்டம்பரில் என் இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த மரப்பெட்டி ஸ்டோர் ரூமில், தடை ஓட்டக் கட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. நானும் அதை நினைக்காமல் சௌகரியமாக இருந்தேன். இன்று காலை எங்கள் பயிற்சியாளர் தனுஷ்கோடி சார் அதை மைதானத்துக்குத் தூக்கி வந்து, தன் தொப்பியாலேயே தூசி தட்டினார். “வா ஆவுடை. ஒன் பழைய சேக்காளி வந்திருக்கான்” என்றார்.

பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பயிற்சியாகவே தெரியாது. பெட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். ஒரு காலைக் காற்றில் நீட்டி, சும்மா கீழே விழ வேண்டும். இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையைத் தொட்ட மாத்திரத்தில் மேலே எழும்ப வேண்டும். விழும்போது தொடைத் தசையும் குதிகால் நரம்பும் ரப்பரைப் போல இழுபடும். அந்த இழுப்பு ஆறுவதற்குள் எழும்பினால் அதுவே நம்மைத் தூக்கிவிடும். நின்று யோசித்தால் போயிற்று. “சூடான தோசக்கல்லுல கால வச்சா எம்புட்டு நேரம் நிப்ப? அம்புட்டு நேரந்தான் தரை” என்பார் சார். நீளம் தாண்டுகிறவளுக்குப் பலகையில் கால் படுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரம்தான் எல்லாம். அதைச் சொல்லிக் கொடுக்கிறது இந்தப் பெட்டி.

நான் மேலே ஏறினேன். பெட்டி என் முட்டி உயரம்கூட இல்லை. கீழே பார்த்தேன். காலை நீட்டினேன், திரும்ப எடுத்துவைத்துக்கொண்டேன்.

“சார், எடது முட்டி வலிக்குது” என்றேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. காலில் ஏதாவது என்று போய் நின்றால் சார் கேட்கிற முதல் கேள்வி, “வலியா, கூச்சமா?” வலி என்றால் உட்கார வேண்டும். கூச்சம் என்றால் குதிக்க வேண்டும். பல் கூசுகிற மாதிரி, கண் கூசுகிற மாதிரி, காலும் கூசும். அது குதிக்கக் குதிக்கப் போய்விடும், வலி போகாது என்பது அவர் கணக்கு. “வலின்னா உக்காரு, கூச்சம்னா குதி.” புதிதாக வருகிற பிள்ளைகள் தங்கள் ஜெர்சி நம்பருக்கு முன்னால் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

“வலி சார்” என்றேன். உட்கார்ந்தேன். பொய் என்று சொல்ல முடியாது. குதித்திருந்தால் வலித்திருக்கும்.

ஜூலை 3, புதன்

ஜெபசீலி இந்த விளையாட்டு விடுதியில் என் அறைத்தோழி. நாசரேத்துக்காரி, உயரம் தாண்டுகிறவள், மற்றவர்கள் விஷயத்தில் நெட்டைக் கழுத்தை நீட்டுவதிலும் கெட்டிக்காரி. “அன்னைக்கு முட்டி போனப்போ எப்படிட்டி இருந்துச்சு?” என்று சாப்பிடும்போது கேட்டாள்.

சொன்னேன். பலகையில் இடது காலை வைத்தேன். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது, முதலில் சத்தம்தான். அது என் காலில் இருந்து வந்தது என்று தெரியாமல் நான் திரும்பிப் பார்த்தேன்.

இன்றைக்கு விடுதியில் முருங்கைக்காய் சாம்பார். இரண்டு பேரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டோம்.

ஜூலை 6, சனி

பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு சார் கூட்டிப் போனார். அங்கே உத்ரா மேடம் இருக்கிறார், மெட்ராஸ்காரர். உடம்பு எப்படி ஓடுகிறது, எப்படித் தாண்டுகிறது என்று அளப்பதுதான் அவர் படிப்பு. தரையோடு தரையாக இரண்டு இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து குதித்தால் இடது பாதம் ஒரு தகட்டிலும் வலது பாதம் இன்னொன்றிலும் விழும். எந்தக் கால் எவ்வளவு பாரம் வாங்குகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டிவிடும்.

அளக்க ஒரு தடவையாவது விழுந்தே ஆக வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார், ‘வலி’ என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுந்தேன்.

நீலக் கோடு பொதிகை மலை மாதிரி எழுந்து நின்றது, அது வலது கால். சிவப்புக் கோடு கறையான் புற்று. அது இடது.

“ரெண்டு காலையும் ஒண்ணா வைக்கிறதா நீ நினைச்சிட்டு இருக்க ஆவுடை. பாரு, வலதுதான் முதல்ல வருது. இடது கல்யாண வீட்டுக்கு வர்ற விருந்தாளி மாதிரி பந்தி முடிஞ்சப்புறம் வருது” என்றார் மேடம். “தனியா உதைக்கச் சொன்னா அந்தக் கால் நல்லா உதைக்குது. பலம் வந்தாச்சு. இறங்கும்போது மட்டும் ஏன் ஒதுங்குது? வலிக்குதா?”

“வலிக்குது மேடம்.”

“எங்க?”

காட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி காட்டினேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தைத்தான் காட்டினேனா என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்தேகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 17 தேர்வுப் போட்டி. அதில் நான் தாண்டியாக வேண்டும். காயம் என்பதால் ஒரு வருடம் விடுதியில் பொறுத்துக்கொண்டார்கள், இனி பொறுக்க மாட்டார்கள். தாண்டாவிட்டால் விடுதியில் என் சீட்டு போய்விடும். மூட்டையைக் கட்டிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் ஊருக்குப் போய் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் உட்கார வேண்டியதுதான். அங்கே மணல் குழி கிடையாது. தேர்வுக்கு முன்னால் இந்த இரண்டு கோடும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால்தான் மேடம் தாண்ட அனுமதிப்பாராம்.

தாண்டாவிட்டால் சீட்டு போகும். தாண்டினால் முட்டி போகும். இதுதான் என் நிலைமை, சுருக்கமாக.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒற்றைக் காலில் தத்துகிற பயிற்சி. இடது காலுக்கு ‘வலி’ என்றேன், ஐஸ் கொடுத்தார்கள். “சரி, வலதாவது சும்மா இருக்காம வேல பாக்கட்டும்” என்று சார் இரண்டு காலின் பங்கையும் வலதுக்கே கொடுத்துவிட்டார். கேலரிப் படிகளில் வலது காலால் மட்டும் தத்தித் தத்தி ஏறினேன். நல்ல கால். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை.

ஜூலை 12, வெள்ளி

துணி துவைத்தேன். ஜெர்சியில் சாம்பார்க் கறை போகவில்லை.

ஜூலை 15, திங்கள்

வலது காலில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்பில் ஒரு இடம். கட்டைவிரலால் மூடிவிடலாம். பயிற்சி முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது லேசாக என்னமோ செய்தது.

கூச்சம்தான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று ஆளைத் தள்ளுகிறது. மணல் குழியில் பாதி மணல் எங்கள் தலையில்தான் இருக்கிறது.

அம்மா போன் செய்தாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிறாளாம். என் காலுக்காக வேண்டியிருக்கிறாள். வெள்ளித் தகட்டில் கால் உரு வாங்கி உண்டியலில் போடப் போகிறாள்.

“காலு எப்படி இருக்கு?”

“நல்லாருக்கும்மா.”

“குதிக்கியா?”

“குதிக்கேன்.”

“பயமா இருக்கா?”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. சார் வலியா கூச்சமா என்று கேட்கிறார், மேடம் எங்கே என்று கேட்கிறார். “பயமெல்லாம் ஒண்ணுமில்ல” என்று போனை வைத்துவிட்டேன். காற்றில் காது அடைத்துக்கொண்டது, வேறொன்றுமில்லை.

ஜூலை 20, சனி

உத்ரா மேடம் விடுதிக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் பேசினார். எலும்பு கல் இல்லை என்றார். ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் நம் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதன் வழியாகப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் வரத்தான் செய்யும். ஓய்வு கொடுத்தால் உடம்பு பூசி மெழுகிச் சரி செய்துகொள்ளும். ஓய்வு கொடுக்காமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விழும். அதற்கும் மேலே குதித்தால் அந்த விரிசல் ஒரு நாள், ஒரு சாதாரண ஓட்டத்தில், முழுசாக விட்டுவிடும்.

“ஆரம்பத்துல குதிச்சதுக்கு அப்புறம் வலிக்கும். அடுத்து குதிக்கும்போதே வலிக்கும். அடுத்து நடந்தா வலிக்கும். கடைசியில சும்மா படுத்திருந்தாலே வலிக்கும். அந்த வரிசைய மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க” என்றார்.

நல்ல பேச்சு. எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் கவனமாகக் கேட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஜெபசீலியிடம் கேட்டு அவளுடைய கீழ்க் கட்டிலுக்கு மாறிவிட்டேன். மேலே காற்று வருவதில்லை. ஆடி மாதத்தில் காற்று வரவில்லையா என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஜூலை 26, வெள்ளி

டவுனுக்குப் போய் வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கால் முன்னே வந்தது. நான் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, வலது காலை மாற்றி வைத்து இறங்கினேன். பின்னால் நின்ற பாட்டையா, “எறங்குத்தா, பஸ் போகப்போவுது” என்று சலித்துக்கொண்டார். வலது காலை எடுத்துவைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாளே. மரியாதை தெரிந்த குடும்பம்.

வலது கால் தரையில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. பஸ் கிளப்பிய தூசி.

ஜூலை 29, திங்கள்

“எப்பிடி இருக்கு?” என்றார் சார்.

“எடதுல வலி சார்.”

“வலது?”

“கூச்சந்தான் சார்.”

“அப்ப குதி.”

குதித்தேன்.

வலதிலும் வலி என்று சொன்னால் என்ன ஆகும்? இரண்டு காலும் போனவளை எந்த விடுதியில் வைத்துக்கொள்வார்கள்? இடதுக்கு ஒரு ‘வலி’யைச் செலவழித்தாயிற்று. இனி என்னிடம் மிச்சமிருப்பது கூச்சம் மட்டும்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மெஸ்ஸிலிருந்து தண்ணீர் எடுத்து வரும் வழியில் ஜெபசீலி நின்றுவிட்டாள்.

“ஏட்டி, ஒனக்கு ஆபரேஷன் பண்ணது எந்தக் காலு?”

“எடது. ஒனக்குத் தெரியாதாக்கும்.”

“அப்ப ஏன் வலத நொண்டுத?”

“புதுச் செருப்பு கடிக்குது.”

அவள் குனிந்து என் செருப்பைப் பார்த்தாள். போன பொங்கலுக்கு வாங்கியது, வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கிறேன். என் தண்ணீர்க் குடத்தையும் சேர்த்து வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று ஒன்று நடந்தது. எழுதாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

தேர்வு நெருங்குகிறது என்று சார் மறுபடி பெட்டியில் ஏற்றினார், விழுந்தேன். வலது கால் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தானாகவே மேலே இழுத்துக்கொண்டது. நான் இழுக்கச் சொல்லவில்லை. சூடு கண்ட பூனை மாதிரி அதுவே விலகியது. விலகியதும், பாரம் மொத்தமும் இடதுக்குப் போய்விட்டது. பத்து மாதமாக நான் எதற்குப் பயந்தேனோ அது. வேறு வழியில்லாமல் இடது கால் போய் அதை வாங்கியது.

சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. முட்டி மடங்கியது, நிமிர்ந்தது.

“பாத்தியா! எடது எறங்குது” என்று சார் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். நான் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு தடவை வரவில்லை என்றால் அடுத்த தடவை வரும் என்றுதான் தோன்றுகிறது. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு தடவையும் முட்டி அந்தச் சத்தத்தை எனக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி.

வலதில் அந்தக் கட்டைவிரல் இடம் வீங்கியிருக்கிறது. சும்மா படுத்திருந்தாலும் துடிக்கிறது. மேடம் சொன்ன வரிசையில் இது எத்தனையாவது என்று நான் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மழை இல்லை. பயிற்சி உண்டு.

ஆகஸ்ட் 10, சனி

ஆய்வகம். தகடுகள். இரண்டு கோடும் சமமாக வந்துவிட்டன.

நான் திரையைப் பார்க்கவில்லை. சார் என் தோளில் தட்டியதும்தான் பார்த்தேன். நீலமும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. மலையும் இல்லை, புற்றும் இல்லை. இரண்டும் சின்ன மேடு.

சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “கஷ்டப்பட்டு வந்துட்டா மேடம்” என்று மேடத்திடம் சொன்னார். மேடம் மட்டும் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“சமமாதான் இருக்கு சார். ஆனா இடது ஏறினதவிட வலது இறங்கினதுதான் அதிகம். குதிக்கிற உயரமும் குறைஞ்சிருக்கே.”

“தேர்வு பக்கத்துல வந்துருச்சுல்லா, பயப்படுதா. போட்டி அன்னைக்கு வந்துரும் மேடம்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “வலதுல ஏதாவது இருக்காம்மா?”

கேட்டுவிட்டார். சொல்லிவிட்டால் இங்கேயே முடிந்துவிடும் என்று ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது மைதானத்து வார்த்தைதான்.

“கூச்சம் மேடம்.”

அவர் சிரித்துவிட்டார். “எங்கிட்ட என்னம்மா கூச்சம்?” என்று என் கன்னத்தைத் தட்டினார். அவர் ஊரில் அந்த வார்த்தைக்கு வெட்கம் என்பது மட்டும்தான் அர்த்தம் போலிருக்கிறது. சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அனுமதித் தாளில் கையெழுத்தாகிவிட்டது.

நல்ல கால் கெட்டுப்போய்க் கெட்ட காலுக்குச் சமமானதை இரண்டு பேரும் கை கொடுத்துப் பாராட்டினார்கள்.

இதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஓடுதளத்தில் என் அடிகளை அளந்து அடையாளம் வைத்தார் சார். ஓடிப் பார்க்கச் சொன்னார், தாண்ட வேண்டாம் என்றார். ஓடினேன். வலது கால் ஒவ்வொரு தடவை பட்டபோதும் எலும்புக்குள் யாரோ ஊசியை வைத்துத் திருப்பினார்கள். பலகை பக்கத்தில் வந்ததும் இடது கால் நடுங்கியது. எந்தக் காலுக்குப் பயப்படுவது என்று தெரியாமல் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜெபசீலி இன்று சாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றாள். சொன்னால் உன்னோடு செத்தாலும் பேச மாட்டேன் என்றேன். “நீ பேசாட்டா போ, நொண்டியாயிராத” என்றாள். அப்புறம் அவளும் போகவில்லை. அவளுக்கும் இந்த விடுதியில் சீட்டுதான், சொந்த வீடு இல்லை. ஒருத்தி காலைப் பற்றி இன்னொருத்தி சொல்வது இங்கே வழக்கமும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளைக்குத் தேர்வு.

பயிற்சி கிடையாது, சும்மா உடம்பைத் தளர்த்த மைதானத்துக்குப் போனோம். மணல் குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா போன். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம், குலவைச் சத்தம்.

“ஆவுடை, கேக்குதா? இருக்கன்குடியில கடையில நிக்கேன். கால் உரு வாங்கணும். கடக்காரரு ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு எடதா வலதாங்காரு. ஒனக்கு எடதுதான?”

‘ஆமாம்மா’ என்று சொல்ல வேண்டியதுதான். ஒன்றரை மாதமாகச் சாரிடம் சொன்னேன், மேடத்திடம் சொன்னேன், ஜெபசீலியிடம் செருப்புக் கதை கட்டினேன். ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

“மாத்திப் போட்டுறக் கூடாதுல்லா. அதான் கேட்டுக்கிடுதேன். ஆத்தாளுக்கு எந்தக் காலுன்னு வெளங்கணும்லா” என்றாள் அம்மா.

கடைக்காரர் இரண்டு கையிலும் இரண்டு காலைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காக நிற்பது எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. நான் இடது என்றால் அம்மா இடதை வாங்கி, கண்ணை மூடி நெஞ்சில் வைத்துக் கும்பிட்டு, ஒரு நோவும் இல்லாத காலுக்காக உருகி அழுதுவிட்டு உண்டியலில் போடுவாள். நாளைக்கு இந்த இன்னொரு கால் ஒடியும்.

“வலது” என்றேன்.

“என்னது?”

“வலதும்மா.”

“ஆபரேஷன் பண்ணது எடதுல்லா?”

“வலதுலதாம்மா வலி.”

எத்தனை நாளாக, ஏன் சொல்லவில்லை, நீ குதிக்கிறாயா என்று எதையும் அவள் கேட்கவில்லை. “வலது காலே குடுங்கய்யா” என்று அவள் கடைக்காரரிடம் சொல்வது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், “நீ இப்ப நிக்கியா, உக்காந்திருக்கியா?” என்றாள்.

“நிக்கேன்.”

“உக்காரு.”

உட்கார்ந்துவிட்டேன். மணல் குழியின் விளிம்பில், போனைக் காதில் வைத்தபடியே. எங்கள் மைதானத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஓடுதளத்தின் அந்தக் கோடியில் இருந்த சார் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார்.

“ஏன் உக்காந்துட்ட? எடதா?”

“இல்ல சார். நான் மாத்திச் சொல்லிட்டேன். எடதுல கூச்சம். வலதுலதான் வலி.”

அவர் குத்தவைத்து உட்கார்ந்து என் வலது காலை மடியில் எடுத்துக்கொண்டார். கட்டைவிரலால் எலும்பைத் தடவிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் மெல்ல அழுத்தினார். நான் மணலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார், சுட்டுக்கொண்ட மாதிரி.

“எப்பம் இருந்து?”

“ஒரு மாசமா சார். எடதுல வலிங்கது பொய். பயமா இருந்துச்சு.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். நான் பார்த்தவரையில் தனுஷ்கோடி சார் மைதானத்தில் உட்கார்ந்ததே கிடையாது. “கூச்சம்னா குதின்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்” என்றார், என்னிடம் இல்லை, குழியைப் பார்த்து. பிறகு எழுந்து, “நீ எந்திரிக்காத” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

போனில் அம்மா இன்னும் வைக்காமல் இருந்தாள்.

ஆகஸ்ட் 17, சனி

தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நான் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் படுத்திருந்தேன். உத்ரா மேடம் வந்திருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளை எலும்பில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. பாதிக்கு மேல் போயிருக்கிறது. இன்று பலகைவரைக்கும் போயிருக்கவே மாட்டாய், ஓடுதளத்திலேயே ஒடிந்திருக்கும் என்றார். அந்தச் சத்தத்தை நினைத்தேன். அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

வலது காலைத் தரையில் வைக்கவே கூடாது. இரண்டு கக்கத்துக்கும் கட்டை கொடுத்திருக்கிறார்கள்.

“நீ கூச்சம்னு சொன்னப்போ நான் சிரிச்சேன்” என்றார் மேடம். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சீட்டு என்ன ஆகும் என்று தெரியாது. சார் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். மேடத்தின் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மா வந்தாள். குங்குமமும் திருநீறும் மடித்துக் கொண்டுவந்து, நெற்றியில் பூசுவதற்கு முன்னால் என் வலது காலுக்குப் பூசினாள். இடது முட்டியில் ஆபரேஷன் தழும்பைத் தடவினாள்.

“இதுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டுருக்கணுமோ?”

“அதுல வலி இல்லம்மா. பயந்தான்.”

“பயத்துக்கு உரு விக்கலையேட்டி அங்க” என்றாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்காரலாம் என்று கிளம்பினோம். விடுதி வாசலில் படி இருக்கிறது. ஜெபசீலி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். கட்டையைக் கீழ்ப்படியில் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் கிடந்திருக்கிறது. கட்டை வழுக்கிக்கொண்டு போனது. ஜெபசீலி எட்டிப் பிடிப்பதற்குள் நான் படியை விட்டுக் காற்றில் இருந்தேன்.

வலதை வைக்க முடியாது. வேறு கால் கிடையாது. இடது கால் மட்டும்தான், நான் மொத்தமும் அதன் மேல்.

தப் என்று ஒரு சத்தம். செருப்புச் சத்தம். முட்டி மடங்கியது, தாங்கியது, என்னைத் திரும்ப மேலே நிமிர்த்தியது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கட்டை முற்றத்தில் கிடந்தது. ஜெபசீலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அம்மா இறங்கி வந்து என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள்.

“வலிச்சுதா?”

“இல்லம்மா.”

“பின்ன எதுக்கு அழுத?”

“கூச்சம்” என்றேன்.